எல்லைக்கோடும் மௌனமும்: ஜிம் கோல்பியின் பொதுவாழ்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் எல்லைப்புற வரலாறு பெரும்பாலும் போர்களினதும் உடன்படிக்கைகளினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எல்லையை அடுத்து வாழ்ந்த மக்கள் அக்கோட்டினை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், அது அவர்தம் தொழிலையும் குடும்பத்தையும் எவ்வாறு பாதித்தது என்பன அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. ஐக்கிய அமெரிக்காவும் மெக்சிக்கோவும் சந்திக்கும் அரிசோனா மாநிலத்தின் மேய்ச்சல் நிலத்திலே வளர்ந்து, பின்னர் இருபத்திரண்டு ஆண்டுகள் அமெரிக்கக் கொங்கிரஸின் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்த ஜிம் கோல்பியின் (1942–2022) வாழ்க்கை இவ்வகையிற் கருதத்தக்கது. அவர் தன்பாலீர்ப்புடையவர். அவ்வுண்மையை ஐம்பத்துநான்கு வயது வரை அவர் பகிரங்கமாகக் கூறவில்லை. நாடுகளுக்கிடையேயான எல்லை மனித வாழ்வுக்கு இசைந்ததாக அமையவேண்டும் என வாதிடுவதையே தம் பொதுப்பணியின் மையமாகக் கொண்டிருந்த அவர், தம்மைப் போன்றோரைச் சட்டத்தின் புறத்தே நிறுத்திய ஓர் எல்லைக்கு ஆதரவாக வாக்களித்தவருமாவார். இம்முரண்பாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு முடிவுற்றது என்பதை அவர் வாழ்ந்த நிலத்தினதும் காலத்தினதும் பின்னணியில் நோக்குதல் பொருத்தமாகும்.

நிலமும் கோடும்

தென் அரிசோனா 1854 வரை மெக்சிக்கோவுக்கு உரியதாயிருந்தது. 1846 முதல் 1848 வரை நிகழ்ந்த போரின் விளைவாக மெக்சிக்கோ தன் வடபகுதியின் பெரும்பரப்பை இழந்தது. அதன் பின்னரும், தெற்கு வழியே புகையிரதப் பாதை அமைப்பதற்கு நிலம் தேவையெனக் கருதிய அமெரிக்கா, 1853 டிசம்பர் 30 ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின் மூலம் ஏறத்தாழ 30,000 சதுர மைல் நிலத்தை விலைக்குப் பெற்றது. மறு ஆண்டில் அவ்வுடன்படிக்கை உறுதிசெய்யப்பட்டபோது விலை ஒரு கோடி டொலராக நிர்ணயிக்கப்பட்டது. அந்நிலத்தில் ஓதாம், அப்பாச்சி ஆகிய ஆதிக்குடிகள் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவியான கீனோ அடிகளார் அங்கு மாட்டுமந்தைகளைக் கொணர்ந்திருந்தார். இவர்களில் எவருடைய சம்மதமும் அவ்விற்பனையின்போது கேட்கப்படவில்லை.

அப்பகுதியின் இயற்கை அரசியற் கோட்டினைப் பொருட்படுத்துவதாயில்லை. சான்ராகுருஸ் ஆறு அரிசோனாவின் சான் ரபாயெல் பள்ளத்தாக்கில் ஊற்றெடுத்து, தெற்கு நோக்கி மெக்சிக்கோவினுள் நுழைந்து, அங்கு வளைந்து திரும்பி, நொகாலஸ் நகருக்குக் கிழக்கே மீண்டும் அமெரிக்காவினுட் புகுந்து வடக்கே செல்கின்றது. நொகாலஸ் என்னும் பெயரில் கோட்டின் இருபுறமும் இரு நகரங்கள் உள்ளன. அவற்றுக்கிடையே நெடுங்காலம் ஒரு திறந்த வீதியே எல்லையாய் இருந்தது. 1918 ஆகஸ்டில் அங்கு நிகழ்ந்த துப்பாக்கி மோதலின் பின்னரே நிலையான வேலி எழுந்தது.

எல்லை வேலிகளின் வரலாற்றிலே மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1909 இல் கலிபோர்னியா எல்லையில் அமெரிக்க அரசு தன் முதல் வேலியை அமைக்கத் தொடங்கியபோது அது மனிதரைத் தடுப்பதற்காக எழுந்ததன்று. உண்ணிகளாற் பரவும் நோயைத் தடுக்கும்பொருட்டு, மாடுகள் கடந்து திரிவதை நிறுத்தவே கால்நடைத் திணைக்களம் அதனை அமைத்தது. எல்லைக் காவற்படை 1924 இலேயே தோன்றியது. 1942 முதல் 1964 வரை நடைமுறையிலிருந்த ஒப்பந்தத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் மெக்சிக்கத் தொழிலாளர் சட்டபூர்வமாக வந்து பயிர்ச்செய்கையில் ஈடுபட்டுத் திரும்பினர். அத்திட்டத்துக்கு வெளியேயும் பலர் வேலை தேடி வந்தனர். பண்ணையாளரைப் பொறுத்தவரை எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் அந்நியர் அல்லர். அவர்கள் மாடு மேய்ப்போர், வேலி கட்டுவோர், கன்று வாங்குவோர், விற்போர். அமெரிக்கப் பண்ணைத் தொழிலின் கயிறு, சேணம் முதலியவற்றின் பெயர்களிற் பல ஸ்பானிய மொழியிலிருந்து பெறப்பட்டவை என்பதும் இவ்வுறவின் தொன்மையைக் காட்டும்.

பண்ணைக் குடும்பம்

ஜிம் கோல்பி 1942 ஜூன் 28 ஆந் திகதி இலினோய் மாநிலத்தின் எவன்ஸ்ரன் நகரிற் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் தென் அரிசோனாவின் பற்றகோனியா என்னும் சிற்றூரை அடுத்த மாட்டுப்பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அது எல்லைப்புறத்துக்கு நெருக்கடியான காலம். மெக்சிக்கோவில் மாடுகளிடையே கால்வாய் நோய் பரவியமையால் 1946 இன் இறுதியில் அமெரிக்கா தன் எல்லையை மெக்சிக்கக் கால்நடைகளுக்கு மூடியிருந்தது. தலைமுறைகளாக இரு பக்கத்தையும் இணைத்திருந்த வணிகம் ஓர் அரசாணையால் நின்றுபோனது. வாசிங்டனில் எழுதப்படும் ஒரு வரி, ஆயிரக்கணக்கான மைலுக்கப்பாலுள்ள மேய்ச்சல் நிலத்தின் வருவாயைத் தீர்மானிக்கும் என்பது அங்கு வளர்ந்தோர் அன்றாடம் கண்ட உண்மையாகும்.

வறண்ட நிலத்து மேய்ச்சல் தொழில் தனக்கென ஓர் ஒழுக்கத்தை வளர்த்திருந்தது. 1891 முதல் 1893 வரை நீடித்த வறட்சியில் அப்பகுதியின் மாடுகள் பெருந்தொகையாய் மாண்டன. அத்தகைய நிலத்திற் பிழைத்திருப்போர் அரசின் தலையீட்டை விரும்பார், அயலவரின் தனிவாழ்விலும் தலையிடார். உழைப்பு, சொற்சுருக்கம், துன்பத்தை வெளிக்காட்டாமை என்பன ஆண்மைக்குரிய பண்புகளாக மதிக்கப்பட்டன. இவ்வொழுக்கம் தன்பாலீர்ப்புடைய ஓர் இளைஞனுக்கு இருவகையிற் பொருள்பட்டிருக்கும். பிறர் விவகாரத்தில் தலையிடாமை ஒருவகைப் பாதுகாப்பைத் தந்தது. ஆயின் அப்பாதுகாப்பு, பேசாதிருக்கும் வரையிலேயே நிலைத்தது. குடும்பத்தை அமைத்துப் பண்ணையைத் தொடர்வதே மகனுக்குரிய கடமையாயிருந்த சூழலில் வேறொரு வாழ்வைச் சுட்டும் சொல்லே வழக்கில் இருக்கவில்லை. இருந்த சொற்களோ குற்றவியலுக்கோ வசைக்கோ உரியன. பராயமடைந்தோர் சம்மதத்துடன் தனிமையில் கொள்ளும் இத்தகைய உறவைக் குற்றமாக்கிய சட்டங்களை இலினோய் மாநிலம் 1961 இல், அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக நீக்கியது. அரிசோனா 2001 வரை அவற்றை நீக்கவில்லை. கோல்பி பிறந்த மாநிலத்துக்கும் வளர்ந்த மாநிலத்துக்கும் இடையே இவ்விடயத்தில் நாற்பது ஆண்டு இடைவெளி இருந்தது.

தலைநகரும் அச்சமும்

1958 இல், பள்ளி மாணவனாயிருக்கும்போதே, கோல்பி வாசிங்டன் சென்று செனற் சபையில் ஏவலிளைஞராகப் பணியேற்றார். உறுப்பினர்களுக்கிடையே ஆவணங்களையும் செய்திகளையும் கொண்டுசெல்லும் மாணவர்களே இப்பெயராற் குறிக்கப்பெறுவர். அவருக்கு அவ்வாய்ப்பினை வழங்கியவர் அரிசோனாவின் செனற்றரும் குடியரசுக் கட்சியின் பழைமைவாதத் தலைவருமான பரி கோல்ட்வாட்டர். மாடுகளிடையே வளர்ந்த சிறுவன் தன் வாழ்வின் பணி எதுவென அங்கேயே கண்டுகொண்டான் எனலாம். அதன் பின்னர் இராணுவ சேவைக் காலம் நீங்கலாக அவர் அரசியலை விட்டு நெடுங்காலம் விலகியிருக்கவில்லை.

ஆனால் அவர் நுழைந்த அச்சபை எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். 1950 இல் செனற் உபகுழு ஒன்று தன்பாலீர்ப்புடையோர் அரசாங்க சேவைக்குத் தகுதியற்றோர் என அறிக்கையிட்டிருந்தது. 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசனோவர் பிறப்பித்த 10450 ஆம் இலக்க நிர்வாக ஆணை, பாலியல் ஒழுக்கப் பிறழ்வு எனப்பட்டதைப் பாதுகாப்புக்கு ஊறான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அதன்படி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வையோமிங் மாநிலச் செனற்றர் லெஸ்ரர் ஹண்ட், தம் மகன் இவ்வகைக் குற்றச்சாட்டிற் கைதானதை அரசியல் எதிரிகள் ஆயுதமாக்கியதைத் தொடர்ந்து, 1954 ஜூன் 19 ஆந் திகதி செனற் அலுவலகத்திலேயே தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். கோல்பி அம்மண்டபங்களில் நடந்து திரிந்தது இந்நிகழ்ச்சிக்கு நான்கே ஆண்டுகளின் பின்னர். அரசியலை விரும்பிய ஓர் இளைஞன் அங்கு கற்றுக்கொள்ளக்கூடிய பாடம் ஐயத்துக்கிடமற்றது. பொதுப்பணியும் உண்மையும் ஒருங்கே கிட்டா. ஒன்றைத் தெரிவுசெய்தல் வேண்டும்.

நாட்டின் எல்லையிலும் அதே விதியே நிலவியது. 1952 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் "மனநோய்த் தன்மையுடையோர்" என்னும் வகுப்பில் தன்பாலீர்ப்புடைய வெளிநாட்டவரைத் தடுத்து வந்தது. 1965 இல் அத்தடை மேலும் வெளிப்படையாக்கப்பட்டது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றது. 1990 இலேயே அது நீக்கப்பட்டது. மாடுகளுக்கும் தொழிலாளருக்கும் இருந்தது போலவே, அன்புக்கும் ஓர் எல்லைச் சாவடி இருந்தது.

பொதுப்பணி

நோத்வெஸ்ரேன் பல்கலைக்கழகத்திலும் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலும் கல்விகற்ற கோல்பி, 1960 களின் பிற்பகுதியில் கடற்படையிற் சேர்ந்து வியற்னாமிற் பணிபுரிந்து வீரத்துக்கான விருதும் பெற்றார். பின்னர் இலினோய் ஆளுநரின் அலுவலகத்திற் கடமையாற்றி, அரிசோனா திரும்பி, 1977 முதல் மாநிலச் செனற்றில் அங்கம் வகித்தார். 1977 இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. 1992 இல் அது மணமுறிவில் முடிந்தது. 1982 இற் கொங்கிரஸ் தேர்தலில் தோல்வியுற்ற அவர் 1984 இல் வெற்றிபெற்று, 1985 முதல் 2007 வரை பிரதிநிதிகள் சபையில் தென் அரிசோனாவின் குரலாய் விளங்கினார்.

அவரது பணியின் அச்சாணியாய் அமைந்தது எல்லையே. வட அமெரிக்கச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைச் சபையில் நிறைவேற்ற உழைத்த குடியரசுக் கட்சியினருள் அவர் முதன்மையானவர். 1993 நவம்பர் 17 ஆந் திகதி அது 234 இற்கு 200 என்னும் வாக்குகளால் நிறைவேறியது. இருபக்க வணிகம் இரு மக்களையும் வளமாக்கும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. வரலாறு அந்நம்பிக்கையை முழுமையாக நிறுவவில்லை. மலிவான அமெரிக்கச் சோளத்தின் வருகையால் மெக்சிக்கக் குடியானவர் பலர் நிலைகுலைந்தனர். பொருள்கள் தடையின்றிக் கடக்கத் தொடங்கிய அதே காலத்தில் மனிதர் கடக்கும் வழிகள் நகரங்களில் இறுக மூடப்பட்டன. வேலை தேடி வந்தோர் அரிசோனாப் பாலைவனத்தின் ஊடாகச் செல்ல நேர்ந்தது. பலர் தாகத்தாலும் வெப்பத்தாலும் மாண்டனர். கோல்பி இதனைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2003 இலும் 2005 இலும் அரிசோனாவின் பிற கொங்கிரஸ் உறுப்பினருடன் இணைந்து, தொழிலாளர் சட்டபூர்வமாக வந்து செல்ல வழிவகுக்கும் சட்டமூலங்களைக் கொணர்ந்தார். அவை நிறைவேறவில்லை. 2004 இல் இதன் பொருட்டே சொந்தக் கட்சிக்குள் கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். எல்லையை அறியாதோரே அதனை மதிலாற் தீர்க்கக்கூடிய சிக்கலாகக் கருதுவர் என்பது பண்ணை நிலம் அவருக்குக் கற்பித்த பாடம் போலும்.

1996

1993 இல் ஹவாய் மாநில உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று ஒருபாலார் திருமணத்துக்கு வழிதிறக்கக்கூடும் என்னும் எண்ணத்தைத் தோற்றுவித்தது. அதற்கு எதிர்வினையாகவே "திருமணப் பாதுகாப்புச் சட்டம்" எனப் பெயரிய சட்டமூலம் கொங்கிரஸில் வந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவதையே மத்திய அரசு திருமணமாகக் கொள்ளும் என அது விதித்தது. 1996 ஜூலை 12 ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 342 இற்கு 67 என்னும் வாக்குகளால் அதனை நிறைவேற்றியது. கோல்பி ஆதரித்து வாக்களித்தார். குடியரசுக் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் விஸ்கொன்சின் மாநிலத்து ஸ்ரீவ் கண்டர்சன் ஒருவரே. அவர் தன்பாலீர்ப்புடையவர் என்பது 1994 இலேயே சபையில் வெளிப்படுத்தப்பட்டிருந்தது. மறைப்பதற்கு எதுவுமில்லாதவர் எதிர்த்தார், மறைத்திருந்தவர் ஆதரித்தார் என்னும் உண்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அவ்வாக்கினாற் சினமுற்றோர் கோல்பியின் மௌனத்தை உடைக்க முனைந்தனர். "அட்வகேற்" சஞ்சிகை அவரைப் பற்றி எழுதவிருந்த வேளையில், 1996 ஆகஸ்ட் முதலாந் திகதி அவர் தாமே உண்மையை வெளியிட்டார். தம் இயல்பு தம் சட்டமியற்றும் பணியைப் பாதித்ததில்லை என்றும், திருமணம் பற்றித் தீர்மானிப்பது மாநிலங்களின் உரிமை என்பதாலேயே அவ்வாறு வாக்களித்ததாகவும் அவர் விளக்கினார். இவ்விளக்கத்திற் கொள்கை சார்ந்த நேர்மை ஒருபுறம் இருக்கலாம். ஆயின் அச்சட்டம் மாநிலங்களின் உரிமையைக் காத்ததோடு நில்லாது, மாநிலம் ஏற்கும் திருமணத்தையும் மத்திய அரசு மறுக்கும் என விதித்ததால், விளக்கம் நிறைவுடையதெனக் கொள்ளுதல் அரிது. தனிமனிதன் ஒருவன் தன்னைப் பற்றி மௌனம் காப்பது அவனுக்குரிய உரிமை. சட்டமியற்றுவோனின் மௌனமோ அவனோடு முடிவதில்லை. அது பிறர் வாழ்வின் மீது வாக்காய் விழுகின்றது.

அஞ்சியது நிகழவில்லை என்பதும் வரலாறே. அதே ஆண்டு நவம்பரில் தென் அரிசோனா வாக்காளர் அவரைப் பெரும்பான்மையுடன் மீண்டும் தெரிந்தனர். அதனையும் சேர்த்து ஐந்து முறை அவர் தெரிவுசெய்யப்பட்டார். தனிவாழ்விற் தலையிடாமை என்னும் பண்ணைநிலத்து ஒழுக்கம், பேசியவரையும் தாங்கக்கூடியதாகவே இருந்தது. அவருடைய அரசியல் ஆசானாகிய கோல்ட்வாட்டரும் 1993 இலேயே இராணுவத்தில் தன்பாலீர்ப்புடையோர் பணியாற்றுவதை வெளிப்படையாக ஆதரித்து எழுதியிருந்தார். ஆனால் கட்சி முழுவதும் அவ்வாறிருக்கவில்லை. 2000 ஆம் ஆண்டுத் தேசிய மாநாட்டில் கோல்பி வர்த்தகம் பற்றியே உரையாற்றியபோதும், ரெக்ஸாஸ் பிரதிநிதிகள் சிலர் தொப்பிகளைக் கழற்றித் தலைகுனிந்து செபித்து எதிர்ப்பைக் காட்டினர். 2004 இலும் 2006 இலும் ஒருபாலார் திருமணத்தை அரசியலமைப்பின் மூலமே தடைசெய்ய முற்பட்ட திருத்தத்தை அவர் எதிர்த்து வாக்களித்தார். 2018 இற் கட்சியை விட்டும் விலகினார்.

இரு எல்லைகள் சந்தித்தமை

பதவியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் உட்பொருளை வெளிப்படுத்துவதாகும். கோல்பியின் வாழ்க்கைத் துணைவர் பனாமாவிற் பிறந்த ஓர் ஆசிரியர். அவரது விசாக் காலம் முடிவடைந்தபோது தாய்நாடு திரும்ப நேர்ந்தமையால் இருவரும் பிரிந்திருந்தனர். ஆணும் பெண்ணுமான தம்பதியராயின், அமெரிக்கக் குடிமகன் தன் துணைக்கு வதிவிட உரிமை கோரியிருக்கலாம். அவ்வழியை அடைத்திருந்தது 1996 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு ஆதரவாக விழுந்த 342 வாக்குகளுள் ஒன்று கோல்பியினுடையது.

2013 ஏப்ரலில் அவர் செனற் நீதிக்குழுவின் முன் தோன்றி, குடிவரவுச் சீர்திருத்தத்தை ஆதரித்தும், தம்மைப் போன்ற தம்பதியரை அது உள்ளடக்கவேண்டும் எனக் கோரியும் சாட்சியமளித்தார். 1958 இல் ஏவலிளைஞராய் ஆவணம் சுமந்த அதே சபையில், எழுபது வயதில், தம் குடும்பத்துக்காக மன்றாடுபவராய் அவர் அமர்ந்திருந்தார். எல்லை பற்றி வாழ்நாள் முழுவதும் பேசிய நாவும் தம்மைப் பற்றி நெடுங்காலம் பேசாதிருந்த நாவும் அன்று ஒரே உரையிற் கூடின. மே மாதத்தில் வாசிங்டனில் அவ்விருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அதே மாதத்தில், அவர் கோரிய திருத்தம் செனற் குழுவிற் கைவிடப்பட்டது. எனினும் ஜூன் 26 ஆந் திகதி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் மையப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானதெனத் தீர்ப்பளித்தது. மறுநாள் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டமூலம் செனற்றில் 68 இற்கு 32 என நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதனை எடுத்துக்கொள்ளவேயில்லை. ஆகவே தம்பதியருக்கான கதவு திறந்தது; பாலைவனத்தைக் கடப்போருக்கான கதவு மூடியே கிடந்தது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, கோல்பியின் வாழ்வு வீரகாவியமுமன்று, துரோகக் கதையுமன்று. தான் வளர்ந்த நிலத்தின் அறிவைக் கொண்டு தன் பணியைக் கண்டறிந்த ஒருவர், அதே நிலமும் காலமும் கற்பித்த மௌனத்தால் அப்பணியிற் தவறவும் நேர்ந்தது. அவர் தாமே துணிந்து பேசத் தொடங்கவில்லை என்பதும், பேசிய பின் பின்வாங்கவில்லை என்பதும் ஒருங்கே உண்மையாகும். அச்சத்தை விதைக்கும் சட்டங்கள் அஞ்சுவோரையே தமக்குக் காவலராக்கிக் கொள்கின்றன. 1950 களின் ஆணைகள் 1996 இன் வாக்கெடுப்பில் இவ்வாறு பயன் விளைத்தன. அவ்வச்சம் நீங்கியபோது சட்டங்களும் தளர்ந்தன.

ஜிம் கோல்பி 2022 டிசம்பர் 3 ஆந் திகதி தம் எண்பதாவது வயதிற் காலமானார். பத்து நாள்களின் பின்னர், டிசம்பர் 13 ஆந் திகதி, இரு கட்சியினதும் வாக்குகளால் நிறைவேறிய திருமண மதிப்புச் சட்டத்தில் ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார். 1996 ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலிருந்தும் அகற்றப்பட்டது.